அட்டனுக்குப் போகிறீர்களா? முதலில் சிநேகிதருக்கு எந்த நாள் லீவு என்று கேளுங்கள்

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா என்று முடிவாகி, எழுபதுகளில் பெற்றோருடன் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார். கூடப் படித்த சிநேகிதர் அங்கேயே தங்கிவிட்டார். நடுவில் அறுந்துபோன தொடர்பு, பேரப்பிள்ளைகளின் வாட்ஸ்அப் வழியாக இப்போது மறுபடி ஒட்டியிருக்கிறது. மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு. மே விடுமுறையில் குடும்பத்தோடு ஐந்து நாள் போய்வர உத்தேசம். கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல என்று திட்டம் போட்டு, நடுவே அரை நாள் சிநேகிதர் வீட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். "இது சரியா வருமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

சரியா வராதும்மா. போகிற காரியம் எதுவோ அதற்கு அரை நாள், போகிற வழிக்கு நாலரை நாள் என்று ஆகிவிட்டது. சிநேகிதருக்கு முழுசாக மூன்று நாள் கொடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு நாள் போதும். ஒரு வாரம் லீவு கிடைக்காது என்றால் கொழும்பையும் எல்லவையும் வெட்டிவிடுங்கள். ஐம்பது வருஷம் கழித்துச் சந்திக்கிற இரண்டு பேர் முதல் நாள் பேசவே மாட்டார்கள். உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு இரண்டாம் நாள்தான் வரும். அதற்குள் வேன்காரர் ஹார்ன் அடித்தால் அந்தப் பயணமே வீண்.

இந்த வாசகியின் குடும்பம்போல டெல்டாவில் நிறையக் குடும்பங்கள் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, பக்கத்தில் புதுக்கோட்டை, திருச்சி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் பின்னால் போனவர்கள், முதலில் காப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலையிலும் உழைத்தார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான அந்தச் சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீடு இந்தியா, பக்கத்து வீடு இலங்கை என்றானது அப்போதுதான். உங்கள் மாமனார் பார்க்கப் போவது அந்தப் பக்கத்து வீட்டை.

முதலில் மாதத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மே மாதம் இங்கே கத்திரி வெயில், அதனால் மலைக்குப் போகச் சரியான காலம் என்று தோன்றும். ஆனால் நமக்கு மேட்டூரை நிரப்புகிற அதே தென்மேற்குப் பருவமழை, இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில் மே பிற்பகுதியிலேயே இறங்கிவிடும். கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் அந்தச் சரிவில் இருக்கின்றன. வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்யும், தஞ்சாவூரில் பெய்வதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த மழையில் வெளியே கால் வைக்க முடியாது. தோட்டத்துப் பாதையில் வேன் ஏறாது, புல்லில் நடந்தால் அட்டை கடிக்கும்.

அட்டன் பக்கத்துக்கு நல்ல காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. வானம் தெளிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும். சம்பாவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் நாலு காசு வந்து, கோடை உழவு வரை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரமும் அதுதான். சிவனொளிபாத மலை யாத்திரை டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நடக்கும், மலை உச்சிவரை விளக்கு எரிவதை மஸ்கெலியாப் பக்கம் இரவில் பார்க்கலாம். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். நம் டெல்டா கிராமங்களில் காமன் பண்டிகை நடக்கிற அதே மாசி மாதம். இங்கே சிறு வயதில் காமதகனம் பார்த்தவர்கள் அங்கே போய்ப் பார்த்தால், எந்த ஊர்ப் பிள்ளைகள் எதைச் சுமந்துகொண்டு கடல் கடந்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை இருக்கிறதே என்பீர்கள். அப்படியானால் ஏப்ரல் கடைசிப் பத்து நாளை எடுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும், காலை நன்றாக இருக்கும். ஏப்ரல் 10 முதல் 16 வரை மட்டும் கிளம்பவே கிளம்பாதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கையே ஊருக்குப் போகும், நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் நடக்கும், அறை வாடகை பல மடங்கு ஏறும். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் சிநேகிதர் ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்றால் கணக்கே வேறு. அந்தச் சரிவுக்கு நம்மைப்போல வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே நன்றாகக் காய்ந்திருக்கும். ஆகவே "மலையகம்" என்று பொதுவாகச் சொல்லி மாதத்தை முடிவு செய்யாதீர்கள். தோட்டம் எந்தச் சரிவில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பெரும் மண்சரிவை உண்டாக்கியது, மலை ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று புறப்படுவதற்கு முந்தின வாரம் சிநேகிதர் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். யூடியூபில் பார்த்த பழைய வீடியோவை நம்ப வேண்டாம். மழை நேரத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடும். நீங்கள் போகிற பிரதேசத்துக்கு செம்மஞ்சள் வந்துவிட்டால் மேலே ஏறாமல் கண்டியிலோ நீர்கொழும்பிலோ ஒரு நாள் தங்கிவிடுங்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிரமம் இல்லை. தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், பதினெட்டு வயதுக்குக் கீழே 1,000 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. மாமனாருடைய விண்ணப்பத்தில்தான் நிதானம் வேண்டும். அவர் பிறந்த இடம் இலங்கை. அதை மறைத்து, ரேஷன் கார்டில் இருக்கிறதே என்று ஒரத்தநாடு என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பொய்யான தகவல், பின்னால் பெரிய வம்பாகும். பிறந்த நாடு இலங்கை என்றே எழுதி, குடியுரிமை எப்படிக் கிடைத்தது என்ற கட்டத்தில் பதிவின் மூலம் என்று குறிக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். கண்டியில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகம் அந்தக் காலத்தில் கொடுத்த பழைய பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்று, தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை, மறுவாழ்வுக் கடன் தாள், இவற்றில் எது இருந்தாலும் எடுத்துவையுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் லேமினேட் செய்யாதீர்கள். அப்படியே பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். தோட்டத்துப் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் முழுசாக முன்னால் வந்திருக்கும், இங்கே ஆதாரில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். கருப்பையா ஒரு தாளில் கறுப்பையாவாக இருக்கும். பாஸ்போர்ட்டுக்குப் போகும் முன்பே ஆதாரில் திருத்திக்கொண்டால் போலீஸ் விசாரணையில் கேள்வி வராது. தாள் எதுவுமே இல்லை என்றால் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், தரகரிடம் போகாதீர்கள். 1983-க்குப் பிறகு அகதியாக வந்து முகாமில் பதிவானவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்கள் வெளிநாடு போய்த் திரும்ப வேறு அனுமதிகள் வேண்டும், அதை முகாம் தாசில்தாரிடம் தெளிவாகக் கேட்காமல் டிக்கெட் போடவே கூடாது.

இலங்கைக்கு இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் பல இருக்கின்றன. கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கிற அன்றைக்கு அந்தத் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

வழி என்று பார்த்தால் டெல்டாக்காரர்களுக்கு இரண்டு வாசல். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், சுமார் நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கப்பலில் வந்தவர் கப்பலிலேயே போக ஆசைப்படுவார், மாமனாரும் அப்படிச் சொல்வார். ஆனால் அவர் வந்தது தலைமன்னார்–ராமேஸ்வரம் வழி. 1984-இல் போரால் நின்ற அந்தக் கப்பல் இன்னும் ஓடவில்லை. காங்கேசன்துறையில் இறங்கினால் அட்டனுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ரோட்டில் போக வேண்டும். யாழ்ப்பாணம், நல்லூர் என்று சேர்த்துப் பார்க்க நாள் இருந்தால் கப்பல் அருமை. ஒரு வாரத்தில், எழுபது தாண்டியவரோடு, மலைக்குத்தான் என்றால் திருச்சி விமானமே சரி.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் மலையேறாதீர்கள். அன்றைக்கு இரவு நீர்கொழும்பில் தங்குங்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலை ஆறரைக்குக் கிளம்பி அவிசாவளை, கினிகத்தேனை வழியாகப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அட்டன் சேரலாம். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் அறுபது மீட்டர்கூட இல்லை, அட்டன் 1,270 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அந்த உயரத்தில் மூச்சு முட்டாது, அந்தப் பயம் வேண்டாம். தொல்லை கொடுப்பது கினிகத்தேனைக்கு மேலே வரும் வளைவுகள்தான். மேடே இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் குமட்டும். டாக்டரிடம் கேட்டு வாந்தி மாத்திரையை வண்டி ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். காலையில் இட்லி இரண்டு போதும், பாலும் வாழைப்பழமும் வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பனி இறங்கும், மலை ரோட்டில் இருட்டில் ஓட்டச் சொல்லாதீர்கள்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிநேகிதர் வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். மருமகள் கொழுந்து எடுக்கப் போகிறவராக இருந்தால், காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் மலையில் நிற்க வேண்டும். நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் கூலி. நாட்கூலியை 2024 செப்டம்பரில் போராடி 1,350 ரூபாயாக்கினார்கள், இலங்கைக் காசில். நம் பணத்துக்கு அப்போது நானூறைச் சுற்றி வந்தது. விருந்தாளி வந்தார்கள் என்று அந்தம்மா இரண்டு நாள் வீட்டில் இருந்தால் இரண்டு நாள் பேர் போச்சு. அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேருகிற மாதிரி வையுங்கள். ஞாயிறு முழுக்க வீட்டோடு இருக்கலாம், கொழும்பில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் வந்துசேர வாய்ப்பு உண்டு. திங்கட்கிழமை அவர்களை வேலைக்கு விட்டுவிட்டு, இரண்டு பெரியவர்களையும் தனியாகப் பேசவிட்டு, நீங்களும் பிள்ளைகளும் தேயிலை நடுவே நடந்துவிட்டு வாருங்கள். பௌர்ணமி போயா நாளில் வங்கி, அலுவலகம் இருக்காது, கறிக்கடையும் திறக்காது, அதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவது எங்கே? இது சங்கடமான கேள்வி. லயத்து வீடு என்பது பல தோட்டங்களில் இன்னும் பத்துக்குப் பன்னிரண்டடி அறையும் ஒரு திண்ணையும்தான். இந்திய அரசு கட்டித்தரும் தனி வீடுகள் சிலருக்குக் கிடைத்திருக்கின்றன, ஏழு பேர்ச் என்கிற சின்ன அளவு நிலத்தில். எதுவானாலும் ஐந்து பேர் போய் இறங்கினால் வீட்டுக்காரர்கள் வெளியே படுப்பார்கள். மலைக் குளிரில் திண்ணையில் படுப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆனால் லாட்ஜில் தங்குகிறோம் என்றால், "எங்க வீடு பத்தாதா?" என்று மனசு முறியும். நான் குடும்பங்களுக்குச் சொல்லுகிற வழி இது: மாமனார் மட்டும் சிநேகிதர் வீட்டில் தங்கட்டும், மற்றவர்கள் அட்டன் டவுனில் அறை எடுங்கள். காரணத்தைப் பிள்ளைகள்மேல் போடுங்கள். "அண்ணே, சின்னவனுக்கு ராத்திரி வெந்நீர் வேணும், டவுன்லதான் சரியா இருக்கும். மாமா உங்க கூடவே இருக்கட்டும்" என்றால் அவருக்கும் நிம்மதி. சாப்பாடு எல்லாம் அங்கேதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் விட்டுக்கொடுத்தால் உறவு போய்விடும்.

சாப்பாட்டுச் செலவை அவர்கள் தலையில் விடாதீர்கள். ஒரு கிலோ கோழி ஒரு நாள் கூலியில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். மேலே ஏறுகிற வழியில் அட்டன் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி அரிசி, பருப்பு, மாவு, சீனி, தேங்காய், கோழி எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நுழைந்ததும் கூடத்தில் வைத்துக் காட்டாமல், பின்பக்கமாக அடுப்படிக்குப் போய் வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். "அக்கா, வழியில மார்க்கெட்டப் பாத்தோம், ஆசையா வாங்கிட்டோம்." அவ்வளவு சொன்னால் போதும். ரொக்கமாகக் கொடுக்க விரும்பினால் கிளம்புகிற அன்று பேரப்பிள்ளை படிப்புக்கு என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள், பெரியவர் கையில் கொடுக்காதீர்கள்.

தோட்டத்துக்குள் வேனில் போவதற்கு முன்பு தோட்ட அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தொழிலாளர் நிலையை நேரில் பார்க்க வேண்டும் என்று, வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாகப் போனார் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. பிறகு 1931-இல் அவரே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். காலம் மாறிவிட்டது, விருந்தாளி வர யாரும் தடுப்பதில்லை. ஆனால் தோட்டத்து ரோடு கம்பெனி ரோடு. முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கேட்டில் நின்றால் கேள்வி கேட்கப்படுவது உங்களை அல்ல, அங்கே வேலை செய்கிற சிநேகிதர் மகனை. ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் ஃபாக்டரியில் தேயிலை அரைப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் அதே அனுமதி உதவும்.

இந்த வாசகி கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்பு மாமனாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் மனசில் இருக்கிற தோட்டம் எழுபதுகளில் நிற்கிறது. கூட விளையாடியவர்களில் யார் இறந்துபோனார்கள், யார் 1977-லும் 1983-லும் நடந்த கலவரங்களில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டார்கள், அவர் பிறந்த லயம் நிற்கிறதா, இதையெல்லாம் சிநேகிதர் வீட்டில் போனில் கேட்டு இங்கேயே சொல்லிவிடுங்கள். எழுபது வயதில் ஒரே சாயங்காலத்தில் ஏழெட்டுச் சாவைக் கேட்கக் கூடாது. தாத்தா, பாட்டியை அங்கே புதைத்திருந்தால் அவர் முதலில் கேட்பது அந்த இடத்தைத்தான். தோட்டங்களில் பிணக்காடு என்று தனியாக ஒரு மேடு இருக்கும், பல இடங்களில் அதன்மேல் தேயிலையோ காடோ ஏறிவிட்டது. கல் எதுவும் இருக்காது. எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் என்று சிநேகிதரின் தலைமுறைக்குத்தான் தெரியும். அதற்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள், சூடம், பத்தி, தேங்காய் அங்கேயே கிடைக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள், கைத்தடி கொண்டு போங்கள். பழைய கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்று வீட்டில் இருந்தால் பெரிதாகப் பிரின்ட் போட்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் கொண்டுபோகிற எந்தச் சாமானும் அதற்கு ஈடாகாது.

சிநேகிதரின் விலாசம் தெரியாமல், தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் சனங்கள் வைத்த பெயர் இன்னொன்று. கூகுள் மேப்பில் இருப்பது முதல் பெயர், உங்கள் அப்பத்தா வாயில் வருவது இரண்டாவது. பழைய கடிதத்தின் உறையைப் பாருங்கள், தோட்டம், டிவிசன், தபாலகம் மூன்றும் இருக்கும். அதை வைத்து அந்தப் பகுதியின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தையோ மாரியம்மன் கோயில் கமிட்டியையோ தோட்டத் தலைவரையோ பிடித்தால் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்துப் பேசிய பிறகே டிக்கெட்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. லயத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி என்றால் வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் விருந்தாளி. வீட்டுக்கு ஒரு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி. சர்க்கரை உள்ள மாமனார் ஆறாவது வீட்டில் என்ன ஆவார்? முதல் வீட்டிலேயே "சீனி வேணாம்மா, இஞ்சி போட்டுக் குடுங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டால் மற்ற வீடுகளுக்குத் தானாகச் செய்தி போய்விடும். சர்க்கரை பார்க்கிற கருவியும், இரண்டு வாரத்துக்கான மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். நுவரெலியா 1,868 மீட்டர். ஜனவரி, பிப்ரவரி விடியற்காலையில் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும், புல்லில் உறைபனி படியும். கம்பளிக் குல்லா, காலுறை, பனியன் மேல் பனியன் வேண்டும். தஞ்சாவூரில் ஸ்வெட்டர் தேடி அலையாதீர்கள், நுவரெலியாக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் வரும், தமிழில் பேசலாம். அட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில், இந்தியா கட்டிக்கொடுத்து 2017 மே மாதம் திறந்த 150 படுக்கை ஆஸ்பத்திரி இருக்கிறது. பயணக் காப்பீட்டை எழுபது தாண்டியவருக்கு முதலில் போடுங்கள், பிறகு மற்றவர்களுக்கு.

சாமான் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. விதைநெல், செடி, கொடி, வெற்றிலை, பச்சைக் காய் எதையும் எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர் மாப்பிள்ளைச் சம்பாவை அங்கே மலையடிவாரத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று மாமனாருக்குத் தோன்றும். அனுமதிச் சீட்டு இல்லாமல் விதை கொண்டுபோவது சட்டப்படி குற்றம், பூச்சி, நோய் போய்ச் சேரும் என்பதால் அந்தச் சட்டம் நியாயமானதும்கூட. அவித்துக் காயவைத்த அவல், அதிரசம், முறுக்கு, வடகம், கும்பகோணத்துப் பித்தளை டவரா, நல்ல நூல் சேலை, இவை போதும். அடுத்தது நகை. கொழும்பிலிருந்து திருச்சிக்கு வருகிற விமானத்தில் தங்கத்தை மிகக் கடுமையாகச் சோதிப்பார்கள். தாலிச் சங்கிலிக்கு மேல் எதுவும் வேண்டாம். கனமாகப் போட்டுத்தான் தீருவேன் என்றால் போகும்போதே திருச்சி விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது அது உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது.

பணத்துக்குக் கொஞ்சம் டாலராக வாங்கிக்கொண்டு கட்டுநாயக்கவில் மாற்றலாம். பெரிய கடைகளில் 2024 பிப்ரவரி முதல் நம் யு.பி.ஐ. வேலை செய்கிறது, தோட்டத்துக் கடையில் ரொக்கம்தான். சிம் கார்டு விமான நிலையத்திலேயே வாங்குங்கள்.

மீதி நாளில் ஊர் பார்ப்பது: அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா போகிற ரோட்டிலேயே டெவன், சென்கிளேயர் என்று இரண்டு அருவிகள் வண்டியில் இருந்தே தெரியும். சீத்தா எலிய கோயில், ஹக்கலைப் பூங்கா, இறங்குகிற வழியில் ரம்பொடை, பிறகு கண்டியில் ஒரு இரவு. ரயில் ஓடுகிறதென்றால் அட்டனிலிருந்து நானுஓயா வரை ஏறினால் போதும், பிள்ளைகளுக்கு அந்தத் தூரமே நிறைய. முன்பதிவுச் சீட்டு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும், ஒரு மாதம் முன்பே பார்க்க வேண்டும். முடிந்தால் சிநேகிதரையும் ஒரு நாள் வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் இருந்தும் நுவரெலியாவை நிதானமாகப் பார்க்காதவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர்.

கடைசியாக, அவர்களை இங்கே வரச் சொல்லிவிட்டு வாருங்கள், வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல். சிநேகிதருக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கண்டியிலேயே குடிவரவுத் துறைக்கு அலுவலகம் இருக்கிறது, நீங்கள் அங்கே இருக்கும்போதே படிவத்தை நிரப்ப உதவிவிட்டு வரலாம். இலங்கைக்காரர்களுக்கு இந்தியாவின் இ-விசா கிடைக்கும், அதை வைத்துத் திருச்சியில் இறங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வரச் சொல்லாதீர்கள், நமக்கு அப்போது வயலிலும் வாசலிலும் தண்ணீர் நிற்கும். தைப் பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்து, அறுவடை மெஷின் வயலில் இறங்கியிருக்கிற நேரத்துக்கு டிக்கெட் போடச் சொல்லுங்கள். குளிர்ப் பிரதேசத்து ஆளுக்கு நம் ஊர் வெயில் தாங்குகிற மாதமும் அதுதான்.